பதிலுக்கு விட்ட இடம்

நான் நல்ல பாட்டு எழுதுவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. "நான் செய்யற நாற்காலி ஆடாது" என்று ஒரு தச்சர் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. என் பாட்டும் ஆடாது. ஆனால் தனி ஆல்பத்தின் முதல் பாட்டைப் பதிவு செய்த மதியம் அது ஆடியது. எந்தக் காலில் ஆடியது, எப்படி நின்றது என்று சொல்கிறேன்.

எங்கள் பேண்டில் நான்கு பேர். நான் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, கிடார் வாசித்துக்கொண்டே பாடுவேன். என் தம்பி மாண்டலின். டிரம்ஸ்காரருக்கு 'இடி' என்று பெயர் வைத்திருந்தோம். பேஸ் கிடார்க்காரர் வாயே திறக்க மாட்டார், அதனால் அவரைக் கூப்பிட ஒரு பெயர் தேவைப்படவில்லை. நாட்டுப்புற மெட்டைக் கொண்டுவந்து ராக் தாளத்தின் மேல் உட்காரவைப்பதுதான் எங்கள் தொழில். கேட்க எளிது. நாட்டுப்புற மெட்டு, வேலை செய்துகொண்டே பாடியவர்களின் மூச்சில் உருவானது. களைத்தால் நின்றுகொள்ளும், உற்சாகம் வந்தால் ஓடும். ராக் தாளமோ ரயில் மாதிரி, வாசலில் ஆள் தொங்கினாலும் கிளம்பிவிடும். இரண்டும் சேர்ந்து போக ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ரயில் மெட்டுக்காக நின்றது. கூட்டம் பெருகப் பெருக, மெட்டுதான் ரயிலுக்குப் பின்னால் ஓடியது.

கடைசிக் கச்சேரியில் முதல் சரணம் முடிந்ததும் தம்பியும் இடியும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தார்கள். நான் மேடையை விட்டு இறங்கி, பின்னால் போய், ஒரு டீ குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அப்போதும் அவர்கள் முடித்தபாடில்லை. கழுவும்போதே முடிவு செய்துவிட்டேன்.

கச்சேரி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் சொன்னேன்.

"நான் போறேன்டா."

"வீட்டுக்கா? இரு, நானும் வரேன்."

"பேண்டை விட்டுப் போறேன்."

சுருட்டிய வயர் கையிலிருந்து அவிழ்ந்தது. அவன் சிரித்தான். கோபம் வந்தால் முதலில் சிரிப்பான், எங்கள் வீட்டு ஆண்களுக்கு அப்படி ஒரு வியாதி.

"போக்கா, போ. நாலு வரி பாடுவ. அப்புறம் பழக்கதோஷத்துல பக்கத்துல திரும்பிப் பாப்ப. அங்க வெறும் ஸ்டூல்தான் இருக்கும்."

"ஸ்டூல் உன்னைவிடச் சுருதி சுத்தமா இருக்கும்."

அவ்வளவுதான் சண்டை. ஆனால் அதற்குப் பிறகு அவன் எனக்கு அலைபேசியில் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை.

ஆல்பத்தை வெளியிட ஒரு கம்பெனிக்காரர் முன்வந்தார். எங்கள் பேண்டின் பாட்டுகளையும் அவர்தான் வெளியிட்டவர். தேன் ஒழுகப் பேசுவார், நடுவில் ஒரு கொக்கி இருக்கும்.

"உங்க எழுத்துக்கு நான் அடிமைம்மா. ஆனா தம்பி மாண்டலின் இல்லாம உங்க பாட்டை ஜனங்க அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாங்க. எல்லாப் பாட்டுலயும் அவரைச் சேத்துக்குங்களேன்."

"அப்போ அது தனி ஆல்பம் இல்லையே சார். பேண்டுக்கு லீவு விட்ட மாதிரி."

"சரி, ஒண்ணு பண்ணுவோம். முதல் பாட்டை முடிச்சு அனுப்புங்க. அது தனியா நின்னுதுன்னா நான் வாயே திறக்கல. நிக்கலைன்னா தம்பியைக் கூப்பிடணும்."

ஒப்புக்கொண்டேன். எனக்குச் சந்தேகமே இல்லை. வார்த்தை என்னுடையது, மெட்டு என்னுடையது, குரல் என்னுடையது. நிற்காமல் எங்கே போகும்?

ஸ்டூடியோ ஒரு மெத்தைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. அதை நடத்துகிறவள் என் பழைய தோழி. ஒலிப்பதிவாளர்களில் அவளைப்போல ஒரு காது பார்க்க முடியாது. குண்டூசி விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லுவாள், வாயைத் திறந்தால் அதே குண்டூசியால் குத்துவாள். அதனால் எல்லோருக்கும் அவள் ஊசி. கண்ணாடித் தடுப்பெல்லாம் கிடையாது. ஒரே அறை. ஒரு மூலையில் அவள் மேசை, நடுவில் என் நாற்காலி.

மெத்தைக் கடைக்கு மேலே ஸ்டூடியோ வைத்ததில் ஒரு வசதி. வெறும் சுவர் இருக்கிற அறையில் பாடினால், குரல் சுவரில் மோதித் திரும்பி, அடுத்த வார்த்தையின் தோளில் இடித்துக்கொண்டு நிற்கும். குளியலறையில் எல்லோரும் நன்றாகப் பாடுவதாக நினைப்பதற்கும் காரணம் அதுதான், மோதி வரும் ஒலி நம் தப்பை மூடிவிடும். மெத்தையோ ஒலியை உள்ளே வாங்கிக்கொண்டு விடாது. அதனால் கீழ்க்கடைக்காரர் விற்காத மெத்தைகளை எங்களுக்கு இரவல் கொடுத்தார், ஒரே நிபந்தனையோடு: பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது.

"உறை போச்சுன்னா அது பழைய மெத்தைம்மா. யார் வாங்குவா?"

பிளாஸ்டிக் ஒலியைத் திருப்பி அடிக்கும், காற்றுப் பட்டால் சரசரக்கவும் செய்யும். ஊசி ஒவ்வொரு மெத்தைக்கும் மேலே கம்பளி போர்த்தினாள். அறை, காய்ச்சல்காரர்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கிற வார்டு மாதிரி இருந்தது. ஆனால் கையைத் தட்டினால் தட்டியது மட்டும் கேட்டது. அற்புதமான அறை.

சங்கடமும் ஒன்று உண்டு. கீழே மெத்தை தைக்கும் இயந்திரம் ஓடினால் அதன் நடுக்கம் சுவர் வழியாகத் தரைக்கு வந்து, தரையிலிருந்து ஸ்டாண்டின் வழியாக மைக்குக்குள் ஏறிவிடும். காதுக்குக் கேட்காததும் மைக்குக்குக் கேட்கும். ஸ்டாண்டுகளைத் தலையணைமேல் நிற்கவைத்துப் பார்த்தோம், பாதி நடுக்கம்தான் நின்றது. அதனால் அவர் மதியச் சாப்பாட்டுக்கு இயந்திரத்தை நிறுத்தும் நேரத்தில்தான் பதிவு.

பாட்டைப் பதிய இரண்டு வழி உண்டு. ஒன்று, மாடிமேல் மாடி கட்டுவது. முதலில் தாளம், அதைக் கேட்டுக்கொண்டே கிடார், அதையும் கேட்டுக்கொண்டே குரல். தப்பு வந்தால் அந்த ஒரு மாடியை மட்டும் இடித்துக் கட்டலாம். இன்னொன்று, குரலையும் கிடாரையும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் பிடிப்பது. வாய்க்கு ஒரு மைக், கிடாருக்கு ஒரு மைக். ஆனாலும் இதில் அது கொஞ்சம் விழும், அதில் இது கொஞ்சம் விழும், பிறகு பிரிக்க முடியாது. தப்பு வந்தால் முதலிலிருந்து. நான் இரண்டாவதைத்தான் கேட்டேன். தனியாக நிற்கிற பாட்டுக்கு எதற்கு மாடி?

கீழே இயந்திரம் நின்றது. பாடினேன்.

சாவிய மேசை மேல வச்சேன்...
வாசலத் தாண்டித் தெருவுக்கு வந்தேன்...
திரும்பிப் பாத்தேன் மாடி ஜன்னல...
கையில கிடாரு, தொண்டையில பாட்டு...

பாடி முடித்ததும் எனக்கே கை தட்டத் தோன்றியது. ஊசி தலையில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி?"

"குரல் அருமை. கிடார் அருமை."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?"

"நடுநடுவுல யாருக்கோ வழி விடுறடி."

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைத் திரைக்கு முன்னால் இழுத்து உட்காரவைத்தாள். பதிந்த ஒலியைக் கணினி கோடாக வரைந்து காட்டும். சத்தம் இருந்தால் கோடு முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொள்ளும், சத்தம் குறைந்தால் படுத்துக்கொள்ளும். என் பாட்டில் ஒரு வரிக்கு முள்ளம்பன்றி, அதே நீளத்துக்குப் படுக்கை. மறுபடி முள்ளம்பன்றி, மறுபடி படுக்கை. பாட்டு முழுக்க ஒன்று விட்டு ஒன்று பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. படுத்த இடங்களில் என் கிடார் மெதுவாக ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது, பேருந்து நிறுத்தத்தில் காலாட்டிக்கொண்டு நிற்கிறவர் மாதிரி.

"யாருக்காக நிக்கிற?" என்றாள் ஊசி.

சொல்லத் தேவையே இல்லை. எங்கள் பேண்டின் அத்தனை பாட்டும் அப்படித்தான். நான் ஒரு வரி பாடுவேன், அதே அளவுக்கு மாண்டலின் பதில் சொல்லும். மேடையில் எனக்கு அது இடைவெளியாகவே தெரிந்ததில்லை. அவன் பங்கு அது. எழுதும்போதே அவன் பங்கை ஒதுக்கி எழுதப் பழகியிருக்கிறேன். பேண்டை விட்டு வந்த பிறகு எழுதிய பாட்டிலும், இல்லாத ஆளுக்கு இலை போட்ட மாதிரி இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

இது பேண்டுக்கு முன்னாலிருந்தே உள்ள பழக்கம். சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாக்கியம்தான். நான் ஆரம்பிப்பேன், அவன் முடிப்பான். அம்மா உப்பு வாங்க அனுப்பினால், கடையில் நான் "ஒரு கிலோ" என்பேன், அவன் முந்திக்கொண்டு "சர்க்கரை" என்பான். "இவளுக்குத் தலை, அவனுக்கு வால். நடுவுல உடம்பைக் காணோம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஒண்ணும் பெரிய விஷயமில்ல. வெட்டிட்டாப் போச்சு" என்றேன்.

ஊசி வெட்டினாள். வெட்டுவது சும்மா இல்லை. ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு, விளக்கின் ரீங்காரம், காற்றின் கனம் என்று. வெட்டி ஒட்டிய இடத்தில் அது திடீரென்று மாறினால் காது தடுக்கி விழும். அதனால் வெறும் அறையை மட்டும் தனியாகப் பதிந்துவைத்து, அதை மெலிதாகத் தடவி ஒட்டினாள். ஒட்டு தெரியவில்லை. போட்டுக் கேட்டோம். நாய் துரத்த ஓடுகிறவள் பாடுகிற மாதிரி இருந்தது. சாவியை வைத்த கையோடு தெருவுக்கு வந்து, வந்த காலோடு ஜன்னலைப் பார்த்து... ஊசி சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் அந்த இடங்களை நானே கிடாரால் நிரப்பினேன். அது இன்னும் மோசம். என் விரலில் வந்தது எல்லாம் அவன் பதில்கள். அவன் வளைக்கிற இடத்தில் வளைத்து, அவன் இழுக்கிற இடத்தில் இழுத்து, தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

"பேசாம அவனையே கூப்பிடேன்" என்றாள் ஊசி. கிண்டல் இல்லாமல் அவள் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"கூப்பிட்டா கம்பெனிக்காரர் ஜெயிச்சார். ஆல்பம் முழுக்க அவன் வருவான். அப்புறம் நான் எதுக்கு வெளியே வந்தேன்?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா அலைபேசியில் அழைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன், பாட்டுதான் சரியா வரலை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் அம்மாவிடம் எதைச் சொன்னாலும் அது ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. மறுநாள் மதியம் மெத்தைக் கடைக்காரரின் குரல் படிக்கட்டில் ஏறி வந்தது.

"மேல ஒருத்தர் வராரும்மா! பொட்டி வச்சிருக்காரு!"

தம்பி வந்து நின்றான். கையில் மாண்டலின் பெட்டி.

"அம்மா அனுப்புனா" என்றான், குற்றம் முழுக்க அம்மாவுடையது என்பதுபோல.

"அம்மா சொன்னா கிணத்துல குதிப்பியா?"

"கிணத்துல மைக் இருக்கா?" அறையைச் சுற்றிப் பார்த்தான். "என்னக்கா இது, ஆஸ்பத்திரி மாதிரி? சரி, பாட்டைப் போடு. கேட்டாக் காசா கேக்கப்போறே?"

மறுத்திருக்கலாம். ஆனால் எனக்கும் ஆசை. என்ன செய்வான் என்று கேட்கிற ஆசை. ஊசி வெட்டாத பழைய பதிவைப் போட்டாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருமுறை முழுக்கக் கேட்டான். பாதியில் அவன் முகம் மாறியதைக் கவனித்தேன், காரணம் தெரியவில்லை. பிறகு மாண்டலினை எடுத்தான்.

அந்த வாத்தியத்தை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்க மாட்டீர்கள். எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, ஒரு ஜோடியில் இரண்டும் ஒரே சுரத்தில். சின்ன வயிறு, அதனால் ஒலி பிறந்ததும் செத்துவிடும். அதைச் சாகவிடாமல் வைக்க, கம்பியை மேலும் கீழுமாக நிறுத்தாமல் சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தம்பி அதைச் செய்யும்போது சுண்டுவது கேட்காது. ஒரே நீளமான குரல்தான் கேட்கும். அதில் என் ஊரில் அவனை மிஞ்ச ஆள் இல்லை, இதை நான் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை.

ஒரே தடவையில் வாசித்தான். விழுந்த பல் ஒவ்வொன்றும் முளைத்தது. நான் பாட, அவன் சொல்ல, நான் பாட, அவன் சொல்ல, பாட்டு நாலு காலில் நின்றது. ஊசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊசியே!

"பாத்தியா?" என்றான் தம்பி. அந்த ஒரு வார்த்தையில் மொத்தப் பேண்டும் இருந்தது.

தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. ஊசி ஏன் அழ வேண்டும்? நான் எழுதியது அழுகிற பாட்டே இல்லையே?

"ஊசி, என்னை எடுத்துட்டு அவனை மட்டும் போடு."

அவன் மாண்டலினைத் தனிக் கோட்டில் பதிந்திருந்ததால் என் குரலை அணைத்துவிட்டு அதை மட்டும் கேட்க முடிந்தது. கேட்டேன். எப்போதும் பாடிக்கொண்டே கேட்டவள், முதல் தடவை வெறுமனே கேட்டேன். மெட்டில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. கடைசிச் சுரம் மேலே போய் நின்றால் ஏதோ திறந்த மாதிரி இருக்கும். கீழே வழுக்கி உட்கார்ந்தால், ஆள் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும். அவன் பதில் ஒவ்வொன்றும் கீழே வழுக்கியது. ஒவ்வொன்றும் நிலைப்படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டது.

"இது என்னடா சோகம்?" என்றேன்.

"நீ எழுதுன சோகம்தான்."

"நான் எங்க எழுதுனேன்?"

"வீட்டைவிட்டுப் போற பாட்டு. சாவியை வச்சுட்டுப் போற. பேண்டை விட்டதைத்தான எழுதியிருக்க? திரும்பிப் பாக்குற. மனசு கேக்கல. நான் வாசிச்சது அதைத்தான்." அவன் முகம் மாறிய காரணம் இப்போது தெரிந்தது. "சொல்லியிருக்கலாமேக்கா. இவ்ளோ வருத்தம்னா திரும்பி வந்திருக்கலாம்."

கடையில் நான் ஒரு கிலோ என்று நிறுத்தியிருக்கிறேன். அவன் சர்க்கரை வாங்கியிருக்கிறான். எத்தனை பாட்டில் இப்படி நடந்திருக்கிறதோ! எங்கள் கச்சேரியில் ஜனங்கள் கண்ணீர் விடும்போதெல்லாம், என்ன இளகின மனசு இவர்களுக்கு என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். என் வரியைக் கேட்டு அல்ல, அவன் முடித்துவைத்ததைக் கேட்டு அழுதிருக்கிறார்கள். தப்பு அவனுடையது இல்லை. பாதி வாக்கியத்தைக் கொடுத்தால் முடிக்கிறவன் தன் மனதைத்தான் வைத்து முடிப்பான்.

"எனக்கு வருத்தமே இல்லடா."

"சும்மா சொல்லாத. சாவிய மேசை மேல வச்சேன்னு சொல்லிட்டு ஏன் அப்படியே நிறுத்துற? அழுதுகிட்டேதான வச்ச?"

"டங்குன்னு வச்சேன். ஒளிச்சு வைக்கல."

"தெருவுக்கு வந்தியே, கால் கனக்கல?"

"வந்த காலு வலிக்கவே இல்ல."

"அப்புறம் எதுக்குத் திரும்பிப் பாத்த?" என்று கத்தினான்.

"விளக்கு எரியுதான்னு பாத்தேன்! எரிஞ்சுது. நல்லா எரியட்டும்னு வந்துட்டேன்!"

அறையில் இருந்த அத்தனை மெத்தையும் அந்தக் கத்தலை உள்ளே வாங்கிக்கொண்டது. ஊசி நாற்காலியை மெதுவாக மேசைப் பக்கம் திருப்பினாள்.

"சண்டையைப் பாடேன்டி" என்றாள். "கீழ மிஷின் இன்னும் ஓடல."

நான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பியிடம் என் வாக்கியத்தை நானே முடித்திருந்தேன். முடித்ததெல்லாம் வரியாக இருந்தது. தாளத்துக்குள்கூட உட்கார்ந்தது, ஏனென்றால் இடம் தயாராக விடப்பட்டிருந்தது. கிடாரை எடுத்தேன்.

முதல் முயற்சி பாதியில் நின்றது. மூச்சு. இதுவரை அவன் வாசிக்கும்போது நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது வாங்க இடமே இல்லை. இரண்டு பாதிக்கும் நடுவில், "வச்சேன்" என்பதற்கும் "டங்குன்னு" என்பதற்கும் இடையில், ஒரு சின்ன மூச்சை மூக்கால் இழுக்கலாம் என்று கண்டுபிடித்தேன். சத்தமாக இழுத்தால் மைக்கில் விழும். விழட்டும். ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்த ஆள் அப்படித்தானே மூச்சை இழுப்பாள்? அந்தச் சமயத்தில் கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டி வைத்தால் பாட்டு விழாது.

"சரி, போலாம்" என்றாள் ஊசி. உடனே கையைத் தூக்கினாள். "நில்லு. யாரோ முனகுறாங்க."

யாரும் முனகவில்லை. ஹெட்போனை என் காதில் வைத்தாள். நான் ஒரு வரி பாடிப் பார்த்தேன். ஆமாம், என் குரலுக்குப் பின்னால் மெல்லிய ஒரு ரீங்காரம். பாட்டு நின்ற பிறகும் ஒரு கணம் தொங்கியது. அறையைச் சுற்றிப் பார்த்தோம். தம்பியின் மடியில் மாண்டலின். அவன் கை அதைத் தொடவே இல்லை.

விஷயம் இதுதான். ஒரு கம்பி எந்தச் சுரத்துக்கு முறுக்கப்பட்டிருக்கிறதோ, அதே சுரம் பக்கத்தில் ஒலித்தால் யாரும் தொடாமலே அதுவும் அதிரும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளித் தள்ளி உயரப் போகவைக்கிறோமே, அதே கணக்கு. காற்றில் வருகிற ஒவ்வொரு அதிர்வும் கம்பியைச் சரியான நேரத்தில் தள்ளுகிறது. அவன் மாண்டலின் என் குரலுக்கு இத்தனை நாளாகச் சுருதி சேர்க்கப்பட்டது. நான் பாடினால் அது சும்மா இருக்காது.

"வெளில கொண்டு போய் வச்சிடவா?" என்று கேட்டான்.

"வேணாம். நீ இரு. நீதான் கேக்கணும்."

அவன் உள்ளங்கையை விரித்து எட்டுக் கம்பிமேலும் அழுத்தி வைத்தான்.

பாடினேன்.

சாவிய மேசை மேல வச்சேன், டங்குன்னு வச்சேன், ஒளிச்சு வைக்கல
வாசலத் தாண்டித் தெருவுக்கு வந்தேன், வந்த காலு வலிக்கவே இல்ல
திரும்பிப் பாத்தேன் மாடி ஜன்னல, வெளக்கு எரியுது, நல்லா எரியட்டும்
கையில கிடாரு, தொண்டையில பாட்டு, வேற என்ன வேணும், வழி விடு காத்தே

கடைசி வரியின் பின்பாதி அதுவரை என்னிடம் இல்லை. அந்த இடத்துக்கு வந்தபோது வந்தது. கடைசிச் சுரத்தை மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். பாடும்போது அவனைத்தான் பார்த்துப் பாடினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைக்கு அடியில் கம்பிகள் துடித்தது அவனுக்குத் தெரிந்திருக்கும். விடவில்லை.

கிடாரின் கடைசி ஒலி தேயும்வரை யாரும் அசையவில்லை. சரியாக அப்போது கீழே இயந்திரம் கிளம்பியது.

"முடிஞ்சுதாம்மா? ஹோட்டல் ஆர்டர் நிக்குது!"

"முடிஞ்சுது!" என்று ஊசி கத்தினாள். பிறகு திரையைக் காட்டினாள். கோடு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை சிலிர்த்துக்கொண்டு நின்றது. "உக்காரக்கூட இடமில்ல" என்றாள். அவள் பாராட்டு அவ்வளவுதான். அவளிடமிருந்து அது அதிகம்.

தம்பி கம்பியிலிருந்து கையை எடுத்தான். உள்ளங்கையில் எட்டுக் கோடு பதிந்திருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னான்.

"இதுல எனக்கு இடமே இல்லையேக்கா."

"இல்லடா."

"அப்போ நீ நெஜமாவே சந்தோஷமாத்தான் போன."

"ஆமாடா. உன் மேல கோவம் இல்ல. சந்தோஷமாத்தான் போனேன்."

"கோவத்துல போயிருந்தா பரவால்ல. கூட்டிட்டு வந்துடலாம்." மூக்கை உறிஞ்சினான். பிறகு ஊசியிடம், "இன்னொரு தடவை போடுங்க" என்றான். முழுக்கக் கேட்டான். "டங்குன்னு" வருகிற இடத்தில் தலை தானாக ஆடியது. அவன் எப்போதுமே முதலில் இசைக்காரன், பிறகுதான் தம்பி. அவனிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான்.

அலைபேசியை எடுத்துக் கம்பெனிக்காரரை அழைத்தான். அவர் போட்ட நிபந்தனை அவன் காதுக்கும் போயிருக்கிறது. நான் தடுப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

"சார், நான்தான். அக்கா ஸ்டூடியோவுல இருக்கேன்... ஆமா, மாண்டலின் கொண்டு வந்தேன்... இல்ல சார், வாசிக்கல. வாசிச்சேன், அதைத் தூக்கியாச்சு... கோவமா? கோவம்தான், ஆனா அது எங்க வீட்டு விஷயம். பாட்டு நிக்குது. நானே ஆட்டிப் பாத்துட்டேன், ஆடல... ஆமா. அவ தனியாத்தான்."

வைத்துவிட்டான். மாண்டலினைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டி, பெட்டியைச் சுவரோரம் ஒரு மெத்தையில் சாய்த்தான். கிளம்புவான் என்று நினைத்தேன். ஊசிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"அடுத்த பாட்டு எதைப் பத்தி?"

"ஏன், வாசிக்கவா?"

"சும்மா கேக்கத்தான்."

ஊசி படிக்கட்டுப் பக்கம் போய்க் கீழே குரல் கொடுத்தாள், அந்த மிஷினை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று.